ஒரு துளை மாறினால்: சந்திரயான்-1 முதல் விக்ரம் சிப் வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர், இப்போது ஒரகடம் பக்கம் வேலையில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், விக்ரம் 3201 என்று ஒரு சிப்பைப் பெரிதாகப் பேசினார்கள். தேடிப் பார்த்தால் அது 180 நானோமீட்டராம். என் போனில் இருப்பதே 4 நானோமீட்டர். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சரக்கை வைத்துக்கொண்டா ராக்கெட் விடுகிறோம்?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் சண்டைதான் வரும். வரலாற்றைச் சொன்னால் விஷயம் புரியும். நான் பொறியியல் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவன். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் எழுத வரும். பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*தறியிலிருந்து தொடங்குவோம்*

நம் ஊரில் ஜக்கார்டு அட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. தறிக்கு மேலே பெட்டி, அதில் மாலைபோலக் கோர்த்த அட்டைகள். அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துப் பாவு இழை மேலே ஏறும். துளை இல்லாவிட்டால் ஏறாது. கரையில் வரும் மயிலும் அன்னமும் யாளியும் இந்த இரண்டே சொற்களால் எழுதப்பட்டவை: துளை உண்டு, துளை இல்லை.

கம்ப்யூட்டரின் மொழியும் இதுவேதான். உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. அதைத்தான் பிட் என்கிறார்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில், சிப்பில் துளி மின்னூட்டம் இருக்கிறது.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். நெசவாளி தறியில் உட்கார்ந்திருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வானத்திலிருந்து வந்து, அட்டையில் ஒரு துளையை அடைத்துவிட்டுப் போகிறது. அல்லது இல்லாத இடத்தில் ஒரு துளை போட்டுவிடுகிறது. தறி நிற்காது. நெசவு நடக்கும். ஆனால் மயிலின் கண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்திருக்கும். புடவை என்றால் ஒரு குறையோடு போயிற்று. ஒரு செயற்கைக்கோளுக்கு "இடப்பக்கம் திரும்பு" என்ற கட்டளை "வலப்பக்கம் திரும்பு" என்று மாறினால்?

விண்வெளியில் இது கற்பனை இல்லை. அன்றாடம் நடப்பது.

*வானத்திலிருந்து வருவது என்ன?*

1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரம் போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று அளந்து காட்டினார். அது பூமியிலிருந்து வரவில்லை, மேலிருந்து வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. காஸ்மிக் கதிர் என்று பெயர் வைத்தார்கள். கதிர் என்று சொன்னாலும் பெரும்பாலும் துகள்கள்தான். எங்கோ வெடித்த நட்சத்திரங்களிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடிவரும் அணுக்கருக்கள்.

இந்தக் கதையில் நம் தென்னிந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு அருகே காந்தப்புலம் குறுக்கே படுத்திருப்பதால், வேகம் குறைந்த துகள்களைத் தடுத்துத் திருப்பிவிடும். இதை அளக்க 1939-40இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மில்லிகன் இந்தியா வந்து பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய ஊர்களிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டார். அவரோடு வந்த இளைஞர்களில் ஒருவர் வில்லியம் பிக்கரிங். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1ஐ ஏவியது. அதைக் கட்டிய ஆய்வகத்தின் தலைவர் அதே பிக்கரிங்தான். உள்ளே ஜேம்ஸ் வான் ஆலன் என்ற பேராசிரியர் வைத்த ஒரு கதிர்வீச்சு எண்ணி இருந்தது. கீழே இருக்கும்போது அது ஒழுங்காக எண்ணியது. உயரத்தில் போனதும் பூஜ்யம் காட்டியது. அங்கே கதிர்வீச்சே இல்லையா? இல்லை. எண்ண முடியாத அளவுக்குத் துகள்கள் மோதியதால் கருவி திணறி வாயடைத்துப் போயிருக்கிறது என்று வான் ஆலன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பூமியின் காந்தப்புலம் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்த வளையங்களுக்கு இன்றும் வான் ஆலன் பட்டைகள் என்றே பெயர்.

அதாவது, விண்வெளிக்குப் போன முதல் கருவிகளில் ஒன்று சொன்ன முதல் செய்தியே, "இங்கே என்னால் வேலை செய்ய முடியவில்லை" என்பதுதான்.

*டெல்ஸ்டார் செத்துப் பிழைத்த கதை*

1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். அந்த வெடிப்பின் எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றி ஒரு செயற்கைக் கதிர்வீச்சு வளையமாகவே தங்கிவிட்டன. மறுநாள், ஜூலை 10 அன்று, டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படம் அனுப்பிய பெருமை அதற்கு உண்டு.

நவம்பரில் டெல்ஸ்டார் கட்டளைக்குப் பதில் சொல்லவில்லை. கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் சுற்றில் இருந்த டிரான்சிஸ்டர்கள் கதிர்வீச்சில் கெட்டுப்போயிருந்தன. பெல் ஆய்வகப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மாதிரி டிரான்சிஸ்டர்களைத் தரையில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அவை எப்படிக் கெடுகின்றன என்று பார்த்தார்கள். கெட்ட பாகம் கவனிக்காமல் விடும் விதத்தில் கட்டளையின் வடிவத்தையே மாற்றி அனுப்பினார்கள். 1963 ஜனவரியில் டெல்ஸ்டார் மறுபடி பேசியது. பிப்ரவரியில் நிரந்தரமாக ஓய்ந்தது. ஒரு மாதம் போலத்தான் கூடுதல் ஆயுள். ஆனால் இந்தத் துறைக்கு அது பாடம்.

அடுத்த பாடம் 1975இல் வந்தது. சில செயற்கைக்கோள்களில் காரணமே இல்லாமல் பிட்டுகள் மாறியிருந்தன. பாகம் ஒன்றும் கெடவில்லை. பிண்டர், ஸ்மித், ஹோல்மன் என்ற மூவர் 17 ஆண்டுக்கு நிகரான செயற்கைக்கோள் பதிவுகளைப் புரட்டி, இப்படி 4 நிகழ்வுகளைக் கண்டார்கள். ஒரே ஒரு காஸ்மிக் துகள் ஒரு பிட்டைப் புரட்ட முடியும் என்று எழுதினார்கள். பலர் உடனே நம்பவில்லை. 1978இல் இன்டெல் நிறுவனத்தில், தரையில் இருந்த நினைவகச் சிப்புகளிலேயே பிட்டுகள் புரள்வதைக் கண்டார்கள். அங்கே குற்றவாளி சிப்பின் பீங்கான் உறையில் இருந்த கதிரியக்கத் துணுக்குகள். அதன்பிறகு யாரும் சந்தேகப்படவில்லை.

ஆக, கதிர்வீச்சு எலக்ட்ரானிக்ஸுக்குச் செய்யும் கேடு மூன்று வகை.

முதலாவது, மெல்லக் கொல்வது. வெயிலில் கிடக்கும் பட்டு நாளாக ஆகச் சாயம் வெளுத்து இற்றுப்போகிற மாதிரி, டிரான்சிஸ்டர் சிறுகச் சிறுகப் பழுதாகும்.

இரண்டாவது, பிட் புரள்வது. பொருளுக்குச் சேதமில்லை. எழுத்துதான் மாறிப்போகும்.

மூன்றாவது, துகள் மோதியதும் சிப்புக்குள் மின்சாரம் குறுக்குவழியில் பாயத் தொடங்குவது. உடனே இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் பிழைக்கும். விட்டால் கருகும்.

*வைத்தியம் என்ன?*

வகுப்பில் இதைச் சொன்னால் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சுற்றிலும் ஈயத் தகடு வைத்தால் என்ன சார்?"

வைக்கலாம். அலுமினியப் பெட்டி ஓரளவு தடுக்கவும் செய்கிறது. ஆனால் ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. அதோடு, வேகமான காஸ்மிக் துகளுக்குத் தகடு ஒரு பொருட்டே இல்லை. சில சமயம் தகட்டில் மோதிச் சிதறி, ஒரு துகள் பல துகளாகி உள்ளே போகும். கொசுவலையில் ஓட்டை விழுந்த கதையாகிவிடும்.

ஆகவே பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். பிட் புரளத்தான் போகிறது. புரண்டதைக் கண்டுபிடித்துத் திருத்த என்ன ஏற்பாடு?

ஆசிரியர்களுக்கு இது மிக எளிதாகப் புரியும். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு 1, வராதவருக்கு 0 என்று வைப்போம். மாதக் கடைசியில் ஒவ்வொரு மாணவருக்கும் குறுக்கே கூட்டுகிறோம். ஒவ்வொரு நாளுக்கும் மேலிருந்து கீழே கூட்டுகிறோம். இப்போது யாரோ ஒரு குறும்புக்காரர் ஒரே ஒரு கட்டத்தில் 0ஐ 1 ஆக்கிவிட்டார். என்ன ஆகும்? ஒரு வரிசையின் கூட்டல் பொருந்தாது. ஒரு நாளின் கூட்டலும் பொருந்தாது. அந்த இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் விரலை வைத்து, "இங்கேதான் கை வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிடலாம். திருத்தியும் விடலாம்.

இதன் நுட்பமான வடிவத்தை 1950இல் ரிச்சர்ட் ஹேமிங் வெளியிட்டார். இன்று விண்கல நினைவகங்களில் இந்த வகைக் குறியீடுகள் உள்ளன. ஆனால் ஒரு எச்சரிக்கை. குறும்புக்காரர் இரண்டு கட்டங்களில் கை வைத்தால் எந்தக் கட்டம் என்று சொல்வது கடினமாகிவிடும். ஆகவே இரண்டாவது பிழை வருவதற்குள் முதல் பிழையைத் திருத்திவிட வேண்டும். விண்கலத்தின் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் தன் நினைவகத்தைத் தானே மேலிருந்து கீழாகப் படித்துத் திருத்திக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். தினமும் வீடு பெருக்குவதுபோல.

இன்னொரு வழி, மூவரைக் கேட்பது. ஒரே கணக்கை மூன்று சுற்றுகளிடம் கொடுத்து, இருவர் ஒப்பும் விடையை எடுத்துக்கொள்வது. மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் கம்ப்யூட்டரில் இந்த ஏற்பாடு இருந்தது.

மூன்றாவது வழி, காவல் கடிகாரம். கம்ப்யூட்டர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "நான் விழித்திருக்கிறேன்" என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கடிகாரம் அதை அணைத்து மறுபடி எழுப்பும். இரவுக் காவல்காரர் மணியடிப்பது நின்றால் நாம் போய்ப் பார்ப்போம் அல்லவா, அதேதான்.

*சந்திரயான்-1: 312 நாட்கள்*

இனி நம் கதைக்கு வருவோம். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி11 ராக்கெட்டில் சந்திரயான்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர் என்பதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நம் ராக்கெட்டுக்கு விண்கலத்தை நேரே நிலவுக்கு எறியும் பலம் கிடையாது. ஆகவே பூமியை நீள்வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செலவு மிச்சம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வான் ஆலன் பட்டைகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். வழியில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளக்கவே பல்கேரிய அறிவியல் கழகம் கொடுத்த ராடோம் என்ற கருவியும் அதில் இருந்தது.

நவம்பர் 8 அன்று நிலவின் ஈர்ப்பில் சிக்கியது. நவம்பர் 14 அன்று மூவண்ணக் கொடி தாங்கிய மோதுகலம் நிலவில் இறங்கி மோதியது. நாமெல்லாம் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. விண்கலம் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நட்சத்திரங்களைப் பார்க்கும் உணரி உண்டு. நம் மீனவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக் கரை திரும்புவதுபோல. அந்த உணரி இரண்டு இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று. முதலில் ஒன்று போயிற்று. 2009 ஏப்ரல் கடைசியில் இரண்டாவதும் போயிற்று. அன்றைய இஸ்ரோ தலைவர் ஜி. மாதவன் நாயர் சூரியக் கதிர்வீச்சைக் காரணமாகச் சொன்னார். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்த வெப்பமும் பேசப்பட்டது.

கண் இரண்டும் போன விண்கலம். பூமியிலிருந்து கிட்டத்தட்ட 4 லட்சம் கிலோமீட்டர் தூரம். மெக்கானிக்கை அனுப்ப முடியாது.

பெங்களூரில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விண்கலத்தில் ஜைரோஸ்கோப் இருந்தது. திரும்பும் அளவை அது சொல்லும், ஆனால் நேரம் போகப் போகச் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பிழையைத் திருத்த இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று, விண்கலத்தின் ஆன்டெனா பூமியை நோக்கி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற விவரம். மற்றொன்று, நிலவின் குறிப்பிட்ட இடங்களை எடுத்த படங்கள். நட்சத்திரத்தைப் பார்க்க முடியாதவர், கையிலிருக்கும் வேறு தகவல்களை வைத்து வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

மே 19 அன்று சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். வேலை தொடர்ந்தது. 2009 ஆகஸ்ட் 29 அதிகாலை தொடர்பு அறுந்தது. 2 ஆண்டு என்று திட்டமிட்டது 312 நாட்களில் முடிந்தது. அதற்குள் 3,400 முறைக்கு மேல் நிலவைச் சுற்றி, 70,000க்கு மேற்பட்ட படங்களை அனுப்பியிருந்தது.

தொடர்பு அறுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 24 அன்று, சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் எம்-3 கருவியின் தரவுகள் நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டுகின்றன என்ற செய்தி வந்தது. "பாதியிலேயே கெட்டுப்போன விண்கலம்" என்று அதைச் சொல்கிறவர்களிடம் இந்தத் தேதிகளை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். போதும்.

*ஒரே மாதிரி இரண்டு போதாது*

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. மாற்றுக்கு என்று வைத்த இரண்டாவது உணரியும் முதலாவதைப் போலவே போய்விட்டது. விண்கலத்தைக் காப்பாற்றியது வேறு வகையைச் சேர்ந்த கருவிகள். ஒரே நூலில் முறுக்கிய இரண்டு கயிறு வைத்திருந்தால், ஒன்றை அறுத்த காரணம் மற்றொன்றையும் அறுக்கும்.

ரஷ்யாவுக்கு இது இன்னும் கசப்பாக நடந்தது. செவ்வாயின் துணைக்கோளுக்குப் போக வேண்டிய ஃபோபோஸ்-கிரண்ட் விண்கலம் 2011 நவம்பரில் ஏவப்பட்டு, பூமியின் சுற்றுப்பாதையைவிட்டே நகரவில்லை. 2012 ஜனவரி 15 அன்று விழுந்தது. விசாரணைக் குழு சொன்ன காரணம்: விண்வெளிக்கு ஏற்றதாகச் சோதிக்கப்படாத நினைவகச் சிப்புகள், கனமான துகள்களின் தாக்குதலில் கம்ப்யூட்டரின் இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்கிவிட்டன என்பது. இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் கடைச்சரக்கை விண்வெளிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்ற பேச்சு உலகம் முழுக்க எழுந்தது.

நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பி, டிசம்பர் 1 வரை அதே வான் ஆலன் பட்டைகளைக் கடந்து கடந்து சுற்றிவிட்டுத்தான் செவ்வாய்க்குக் கிளம்பியது. திட்ட இயக்குநர் சு. அருணனும் நம் தமிழ்நாட்டுக்காரர். செவ்வாயில் 6 மாதம் வேலை செய்தால் போதும் என்று கட்டியது, 2022 வரை தொடர்பில் இருந்தது. பூமியிலிருந்து சொல் போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து மாற்றுப் பாகத்துக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாட்டை அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

*180 நானோமீட்டர் விவகாரம்*

இப்போது சிப்புக்கு வருவோம். கதிர்வீச்சைத் தாங்கும் சிப்புகள் வெளிநாட்டில் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவை ஏவுகணைக்கும் உதவும் என்பதால் கேட்டவுடன் கொடுக்கமாட்டார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்த பிறகு, அமெரிக்கா இஸ்ரோவின் பல பிரிவுகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பல ஆண்டுகள் அது நீடித்தது. அடுத்தவர் வீட்டு நூலை நம்பிப் பாவு ஓட்டினால் இதுதான் நிலைமை.

நம்மிடம் சிப் ஆலை இல்லாமலும் இல்லை. சண்டிகருக்குப் பக்கத்தில் மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரி 7 அன்று பெரும் தீவிபத்தில் ஆலை எரிந்துபோனது. உலகம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நாம் சாம்பலிலிருந்து எழ வேண்டியிருந்தது. 2006இல் அது விண்வெளித் துறையின் கீழ் ஆய்வகமாக மாறியது.

அங்கே தயாரான விக்ரம் 1601 என்ற 16 பிட் சிப், 2009 முதல் நம் ராக்கெட்டுகளை ஓட்டுகிறது. அதன் 32 பிட் தம்பிதான் விக்ரம் 3201. வடிவமைப்பு திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், தயாரிப்பு மொகாலி. 2024 டிசம்பர் 30 அன்று சென்ற பி.எஸ்.எல்.வி.-சி60இல் வைத்துச் சோதித்தார்கள். 2025 செப்டம்பரில் டெல்லி மாநாட்டில் பிரதமரிடம் கொடுத்தார்கள். கழித்தல் 55 டிகிரி குளிரிலிருந்து 125 டிகிரி வெப்பம் வரை வேலை செய்யும் என்பது அதன் தகுதி.

சரி, ஏன் 180 நானோமீட்டர்? இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மொகாலி ஆலையில் இருக்கும் இயந்திரம் அதுதான். அதைவிட நுண்ணியது அங்கே இல்லை. இது குறைதான்.

இரண்டு, இந்த வேலைக்கு அது குறையாகவே இல்லை. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, ஒரு பிட்டைக் காக்கும் மின்னூட்டமும் சிறுத்துப்போகும். தண்டவாளத்தில் கிடக்கும் சரக்கு ரயிலைக் காற்று அசைக்காது. காகிதக் கப்பலை அசைத்துவிடும். 4 நானோமீட்டர் சிப்பில் ஒரு துகள் பல பிட்டுகளைச் சேர்த்தே புரட்டலாம். அதற்காகச் சிறியது எல்லாம் விண்வெளிக்கு ஆகாது என்றும் சொல்லக்கூடாது. மெல்லக் கொல்லும் முதல் வகைக் கேட்டைப் புதிய சிப்புகள் சில விதங்களில் நன்றாகவே தாங்குகின்றன. மற்ற நாடுகள் கூடுதல் பாதுகாப்போடு சிறிய அளவுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாமும் போகத்தான் வேண்டும். ஆனால் ராக்கெட்டை வழிநடத்த வீடியோ விளையாட்டின் வேகம் தேவையில்லை. சொன்ன நேரத்தில், சொன்ன விடை, ஒவ்வொரு முறையும் வர வேண்டும். அவ்வளவுதான்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யும் இந்த வேலையில் இருக்கிறது. அவர்களுடைய சக்தி வரிசையை அடிப்படையாக வைத்து இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' என்ற சிப்பை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதுவும் மொகாலியில் தயாரானதுதான். உள்ளே எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்த சிப் என்பதே பெரிய பலம். டெல்ஸ்டாரையும் சந்திரயானையும் தூரத்திலிருந்து காப்பாற்ற முடிந்தது எதனால்? அதன் ஒவ்வொரு இழையும் தெரிந்தவர்கள் தரையில் இருந்ததால்.

*இது வானத்துக் கதை மட்டும் இல்லை*

நாம் பயணம் செய்யும் விமானம் பறக்கும் உயரத்திலும் தரையைவிடப் பல மடங்கு துகள்கள் உண்டு. 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஓர் ஏ320 விமானம் பறக்கும்போதே திடீரென்று தலை கவிழ்ந்தது. பயணிகள் சிலருக்குக் காயம். கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று நவம்பர் 28 அன்று ஏர்பஸ் நிறுவனம் அறிவித்தது. உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களில் திருத்தம் செய்யச் சொன்னார்கள். நம் நாட்டு விமானங்களும் அதில் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மென்பொருள் மாற்றமே போதுமானதாக இருந்தது.

அந்தத் துகள்களை நாள் முழுக்க எண்ணும் கூடம் நம் ஊட்டியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த புயல் பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியதை, சுமார் 2 மணி நேரம் அங்கே பதிவு செய்தார்கள். ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது தாவரவியல் பூங்காவோடு நின்றுவிடாமல் இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தொடர்பு அறுந்த சந்திரயான்-1 என்ன ஆயிற்று? 2017 மார்ச்சில் நாசா ஒரு செய்தி வெளியிட்டது. பூமியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றரை மீட்டர் அளவுப் பெட்டி, பேச்சில்லாமல், நிலவை அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. கணக்குப்படி எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தார்களோ, அந்தப் பாதையிலேயேதான் கிடைத்தது. அதன் கண்கள் எப்படிக் கெட்டன என்பதிலிருந்து கற்றவர்கள்தான் அடுத்தடுத்த விண்கலங்களைக் கட்டினார்கள்.

வீட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு 1, 0 நிரப்பி, குறுக்கும் கீழும் கூட்டிவையுங்கள். நீங்கள் திரும்பி உட்காருங்கள். பிள்ளை ஒரு கட்டத்தை மாற்றட்டும். நீங்கள் கண்டுபிடியுங்கள். பிறகு இரண்டு கட்டத்தை மாற்றச் சொல்லிப் பாருங்கள். எங்கே திணறுகிறீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். அங்கிருந்து அடுத்த பதிவைத் தொடங்குகிறேன்.